திங்கள்கிழமை கோக்கரம் கிடையாது

அத்தியாயம் 3

“ஆளு காணோம்னா மொதல்ல பல்லத் தேடணும்க்கா. பல்லு வூட்ல கெடந்தா ஆளு தூரமாப் போவல” என்றாள் பவுனு, குளியலறை வாசலில் நின்றபடி.

அவள் கையில் ஒரு கண்ணாடி டம்ளர். டம்ளருக்குள் தண்ணீர். தண்ணீருக்குள் கோபாலன் சாரின் பல்செட், வீட்டில் நடப்பதைப் பற்றிய கவலை கொஞ்சமும் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

சாந்தகுமாரி சிரிக்கவில்லை. “அதை இருந்த இடத்துல வை. தடயத்தைத் தொடக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?”

“தொடலக்கா. டம்ளரத்தான் தொட்டேன்.”

சாந்தகுமாரி தபால் துறையில் முப்பத்தோரு வருஷம் இருந்தவள். விலாசம் சரியில்லாமல் ஊர் சுற்றும் கடிதங்களைப் பிரித்துப் படித்து, உரியவர் யார் என்று கண்டுபிடிக்கும் பிரிவு. ‘தண்ணி டேங்குக்குப் பின்னாடி மாடு வளர்க்கும் அண்ணனுக்கு, டில்லி’ என்று மட்டும் எழுதியிருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கொண்டு சேர்த்தவள் என்று அவளுக்கு ஒரு பெயர் உண்டு. ஓய்வு பெற்று மயூர் விஹாருக்கு வந்த பிறகு, அக்கம்பக்கத்தில் எது காணாமல் போனாலும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். பவுனு அதே குடியிருப்பில் ஐந்து வீடுகளுக்குச் சமைப்பவள். கள்ளக்குறிச்சிப் பக்கம். உதவியாளர் வேலைக்கு அவளை யாரும் நியமிக்கவில்லை. ஐந்து வீட்டு அடுப்படி நியூஸும் அவளிடம் இருந்தது, அவ்வளவுதான்.

இன்று காணாமல் போயிருப்பது எழுபத்தாறு வயது கோபாலன். காலை ஒன்பது மணிக்குப் பனிமூட்டத்தில் மங்கி குல்லாயோடு வெளியே போனதைக் கேட் காவலாளி பார்த்திருக்கிறான். இப்போது பதினொன்றே கால். செல்போன் மேஜை மேல். பன்னிரண்டரைக்குப் போட வேண்டிய இன்சுலின் ஃப்ரிட்ஜில்.

“ஏழு ஹாஸ்பிடலுக்கு போன் பண்ணிட்டேன், ஆன்ட்டி” என்றான் மகன் ஜெயந்த். முப்பத்தொன்பது வயது, நொய்டாவில் ஐ.டி. வேலை, டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான். எழுத்தைப் பார்த்தால் ஜிலேபி பார்த்த மாதிரி பார்ப்பான். “அப்பா எங்கேயும் இல்லேங்கறா.”

“ஆஸ்பத்திரிக்குன்னு எப்படி முடிவு பண்ணினீங்க?”

“அப்பாவே எழுதி வெச்சிருக்காரே! போன்ல போட்டோ எடுத்து, அதையே படிக்க வெச்சேன்.”

ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் ஒரு சீட்டு. நிதானமான, சாய்ந்த கையெழுத்து. சாந்தகுமாரி சத்தமாகப் படித்தாள்.

“கோக்கரம் போகிறேன். ஜிம்புலி வேண்டாம், வைத்துவிட்டேன். தப்ளாங் கேட்டால் சொல்லாதே.”

பவுனு டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“இது எந்த ஊருத் தமிழுக்கா?”

“கும்பகோணம் தமிழ்” என்றான் ஜெயந்த் உறுதியாக. “கோக்கரம்னா ஹாஸ்பிடல். ஜிம்புலின்னா கவர்ன்மென்ட் ஹெல்த் கார்டு. அதை வேற விட்டுட்டுப் போயிட்டார். கார்டு இல்லாம எவன் அட்மிட் பண்ணுவான்?”

பவுனு சாந்தகுமாரியைப் பார்த்தாள். சாந்தகுமாரி பவுனுவைப் பார்த்தாள். இருவருக்கும் சேர்த்துத் தமிழில் நூறு வருஷத்துக்கு மேல் அனுபவம் இருந்தது.

“தம்பி, இந்த வார்த்தைகளை வெளியில யார்கிட்டயாவது பேசியிருக்கீங்களா?”

“பேசியிருக்கேனே. ஒரு தடவை கல்யாணத்துக்கு சென்னை போயிருந்தபோது எனக்கு வயிறு சரியில்லை. ஆட்டோக்காரர்கிட்ட, ‘பக்கத்துல நல்ல கோக்கரம் இருக்கா?’ன்னு கேட்டேன். அவர் ஒரு செகண்ட் என் மூஞ்சியைப் பார்த்தார். ‘உட்காரு சார்’னார். நேரா ஒரு மதுக்கடை வாசல்ல கொண்டு போய் விட்டுட்டார்.”

“அவரு மேல தப்பில்ல தம்பி. உங்க மூஞ்சி, வயித்தப் புடிச்சிருந்த கை, சாயங்கால நேரம், எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு ஒரு முடிவுக்கு வந்திருக்காரு.”

“சரியாச் சொன்னே பவுனு” என்றாள் சாந்தகுமாரி. “அவர் செஞ்சதைத்தான் நாமளும் செய்யணும், அவரைவிட நிதானமா. தெரியாத வார்த்தையோட அர்த்தத்தை அந்த வார்த்தைகிட்டயே கேட்டா அது சொல்லாது. பக்கத்துல உட்கார்ந்திருக்கிற வார்த்தைங்ககிட்ட விசாரிக்கணும்.”

“மாப்ள வூட்டப் பத்தி எதுத்த வூட்ல விசாரிக்கிற மாதிரி.”

“அதேதான். தம்பி, அப்பா இதுக்கு முன்னாடி எழுதின சீட்டு எதாவது இருக்கா?”

இருந்தது. ஒன்றல்ல, ஒரு பிஸ்கட் டின் நிறைய. கோபாலன் மத்திய அரசின் புள்ளிவிவரத் துறையில் பகல் வேலை. அவர் மனைவி அம்புஜம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஷிப்ட் வேலை. ஒருவர் வரும்போது இன்னொருவர் இருக்க மாட்டார். குடும்பம் முப்பது வருஷம் சீட்டிலேயே நடந்திருக்கிறது. அம்புஜம் போன ஆவணியில் தவறிவிட்டாள். போகும்வரை ஒரு சீட்டைக்கூட அவள் தூக்கிப் போட்டதில்லை.

சாந்தகுமாரி டின்னைச் சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்தாள். பழைய பழக்கம் கைகளுக்கு மறக்கவில்லை. சீட்டுகளைச் சீட்டாட்டம் போலப் பிரித்து மூன்று வரிசையாக அடுக்கினாள்.

“முதல்ல ஜிம்புலி. கேளுங்க. ‘ஜிம்புலியை ராத்திரி ஊறப் போட மறக்காதே.’”

“ஹெல்த் கார்டை ஊறப் போடுவாங்களா தம்பி?”

“லேமினேட் பண்ணினது, பவுனுக்கா. துடைக்கறதுக்கா இருக்கும்.”

“அடுத்தது. ‘ஜிம்புலி மேல் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான்.’ இன்னொண்ணு, போன வருஷம் எழுதினது. ‘ராகவன் வீட்டு நிச்சயதார்த்தத்தில் ஜிம்புலி பாயசத்தில் விழுந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. பாயசம் நன்றாக இருந்தது.’”

பவுனு டம்ளரை எடுத்து வந்து, சீட்டு வரிசையின் தலைமாட்டில் டொக்கென்று வைத்தாள். பல்செட் எல்லோரையும் பார்த்துச் சிரித்தது.

ஜெயந்த் அதையே உற்றுப் பார்த்தான். முகம் வெளுத்தது. “வெளில கிளம்பறச்சே எல்லாம் அம்மா, ‘ஜிம்புலி எடுத்துண்டேளா’ன்னு கேப்பா. நான் கார்டுன்னு… ஆன்ட்டி, என் ஆபீஸ் தமிழ் வாட்ஸ்அப் குரூப்ல எல்லாருக்கும் சொல்லியிருக்கேன். ‘தயவுசெய்து உங்கள் ஜிம்புலியைப் புதுப்பித்துக்கொள்ளவும்’னு.”

“புதுப்பிச்சாங்களா?”

“ரெண்டு பேர் தேங்க்ஸ் சொன்னா.”

“அடுத்து கோக்கரம்” என்றாள் சாந்தகுமாரி. மணி பதினொன்றரை ஆகியிருந்தது. “‘தப்ளாங்கை மாமி வீட்டில் விட்டாச்சு. ஐந்தரைக்குக் கோக்கரம்.’”

“நான் சொன்னேனே! அப்பாயின்ட்மென்ட்!”

“‘கோக்கரத்துக்கு வெள்ளைப் புடவை வேண்டாம். போன தடவை பட்டது போதும்.’”

“ரத்தம்!”

“‘கோக்கரத்தில் கூட்டம் இருக்கும். நின்றுகொண்டே ஆளுக்கு இரண்டு.’”

“இஞ்செக்ஷன்!”

“‘ராத்திரிச் சமையல் வேண்டாம். கோக்கரம் போய் வந்த வயிறு.’”

“பார்த்தேளா? அதான் எனக்கு ஞாபகம் இருக்கு. ரெண்டு பேரும் வயித்தைப் பிடிச்சுண்டு வருவா. வந்ததும் படுத்துடுவா. நான் சின்னப் பையன், பயந்துண்டு மூலைல உட்கார்ந்திருப்பேன். அம்மாவுக்கு ஏதோ பெரிய வியாதின்னு நினைச்சுண்டே வளர்ந்தேன்.”

பவுனுவுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் சிரிப்பு வருகிற இடத்தில் வந்துதான் தீரும். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“‘நாளை திங்கள். கோக்கரம் கிடையாது’” என்று படித்துவிட்டு சாந்தகுமாரி நிமிர்ந்தாள். “திங்கள்கிழமை லீவு விடுற ஆஸ்பத்திரி டில்லியில எங்க இருக்கு? திங்கள்கிழமைதான் கியூ தெரு வரைக்கும் நிக்கும்.”

“திங்கக்கெழம லீவுன்னா…” பவுனு விரலை மடக்கினாள். “நம்ம சலூனு செவ்வாக்கெழம. இந்தப் பக்கம் பஜாரு புதங்கெழம. சரோஜினி நகரு பஜாருதான் திங்கக்கெழம.”

“தம்பி, அப்ப நீங்க எந்த குவார்ட்டர்ஸ்ல இருந்தீங்க?”

“லக்ஷ்மிபாய் நகர்” என்றான் ஜெயந்த். “சரோஜினி நகர் நடந்தே போயிடலாம்.”

சாந்தகுமாரி கடைசிச் சீட்டைத் தூக்கிக் காட்டினாள். “‘கோக்கரத்திலிருந்து பொட்டலம் கட்டி வாங்கி வராதே. தப்ளாங் மோப்பம் பிடித்துவிடும்.’”

“ஆசுபத்திரியப் பொட்டலம் கட்ட முடியாது தம்பி” என்றாள் பவுனு மெதுவாக. “உங்க அம்மாவுக்கு வியாதியும் இல்ல, ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் உங்கள வுட்டுட்டுப் போயி மூக்கு முட்டத் தின்னுட்டு வந்திருக்காங்க.”

ஜெயந்த் நாற்காலியில் உட்கார்ந்தான். அது ஆறுதலா அடியா என்று அவனுக்கே புரியவில்லை.

“இன்னிக்குப் பல்லை வெச்சிட்டுப் போயிருக்கார்” என்றாள் சாந்தகுமாரி. “அப்ப, கடிக்க வேண்டாத பண்டம். ஜனவரி மாசத்துல, பல்லில்லாம, சரோஜினி நகர்ல சாப்பிடறதுன்னா?”

“கேரட் அல்வா” என்றாள் பவுனு. “நெய்யி மெதக்கும்.”

“அவருக்கு சுகர் முந்நூறு!” என்று ஜெயந்த் எழுந்துவிட்டான். “ஜல்தி வாங்கோ!”

காரில் போனால் ஆஷ்ரம் சந்திப்பு சிக்னலிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். மெட்ரோதான். இன்சுலினை ஐஸ் பொட்டலத்தோடு ஒரு டிபன் பாக்ஸில் வைத்து பவுனு மடியில் ஏந்திக்கொண்டாள். பிங்க் லைன் வண்டி யமுனையைத் தாண்டும்போது ஆறும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன.

“ஒரு சந்தேகம் தம்பி. இந்த தப்ளாங்கு யாரு?”

“பூனை” என்றான் ஜெயந்த், யோசிக்காமல்.

“உங்க வூட்ல பூனை இருந்துச்சா?”

“நான் பார்த்ததில்லை. ஆனா இருந்தது. அதுக்குப் பால் வெப்பா அம்மா. ‘தப்ளாங் தூங்கியாச்சா’ன்னு அப்பா கேப்பார். நான் எத்தனையோ நாள் கட்டிலுக்கு அடியில தேடியிருக்கேன். மீன் பிஸ்கட் வாங்கி வெச்சிருக்கேன். வரவே வராது. அந்தப் பூனைக்கு என்னைக் கண்டாலே பிடிக்கலைன்னு ரொம்ப நாள் வருத்தம்.”

சாந்தகுமாரி கைப்பையிலிருந்து மூன்றாவது வரிசைச் சீட்டுகளை எடுத்தாள். “‘தப்ளாங்குக்குப் பால் மேடை மேல் இருக்கிறது.’ சரி. ‘தப்ளாங் தூங்குகிறது. எழுப்பினால் நீதான் தூங்க வைக்க வேண்டும்.’ சரி. ‘தப்ளாங்குக்கு மறுபடி கணக்கில் ஏழு மார்க். நீயே கையெழுத்துப் போட்டு அனுப்பு.’”

வண்டி நிஜாமுதீனில் நின்று புறப்பட்டது. யாரோ ஒருவர் இறங்கிப் போனார். ஜெயந்தின் காது மடல்கள் சிவக்கத் தொடங்கின.

“நூத்துக்கு ஏழா, தம்பி?” என்று பவுனு கேட்டாள். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. “பூனைக்கு அது நல்ல மார்க்குதான்.”

“ஃபிஃப்த் கிளாஸ். அப்போ எனக்கு டைஃபாய்டு.”

“அப்ப மீன் பிஸ்கட்டு?”

“நானேதான் தின்னேன்” என்றான் அவன்.

லஜ்பத் நகர் வரைக்கும் பவுனு சிரித்தாள். எதிரே இருந்த பஞ்சாபி அம்மாளும் காரணம் தெரியாமலே சிரித்தாள். சாந்தகுமாரி மட்டும் சிரிக்கவில்லை என்பதைப் பவுனு சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தாள். அக்கா ஃப்ரிட்ஜ் கதவுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னாக்கா?”

“தப்ளாங்னா தம்பின்னா, இந்த வரியைத் திருப்பிப் படிச்சுப் பாரு. ‘தப்ளாங் கேட்டால் சொல்லாதே.’ வீட்டுல இருக்கிறது அப்பா, தம்பி, தம்பி பெண்டாட்டி ஷ்ருதி. ஷ்ருதிக்கு இந்தப் பாஷை தெரியுமா தம்பி?”

“தெரியாது. அவ பெங்களூர்.”

“அப்ப, தம்பிகிட்ட சொல்லாதேன்னு அப்பா யார்கிட்ட சொல்றார்?”

ஜெயந்த் சீட்டை எட்டிப் பார்த்தான்.

“சீட்டை ஜெயந்த் தம்பிக்கு வந்ததுன்னு எடுத்துப் பிரிச்சிட்டோம். விலாசம் அது இல்ல” என்றாள் சாந்தகுமாரி. அதை நான்காக மடித்து அவனிடம் கொடுத்தாள். “என் வீட்டுலயும் இந்த மாதிரி ஏழெட்டு வார்த்தை இருந்துச்சு. என் வீட்டுக்காரர் போன பிறகு ஒருநாள் வாய்தவறி ஒண்ணைச் சொல்லிட்டேன். பால்காரர் பயந்துட்டார்.”

பவுனு டிபன் பாக்ஸ் மூடியைத் தேவையில்லாமல் ஒருமுறை திறந்து மூடினாள்.

சரோஜினி நகரில் கடைகளுக்கும் கூட்டத்துக்கும் நடுவே தரை தெரியவில்லை. ஸ்வெட்டர் குவியல்களைத் தாண்டிப் பின்பக்கச் சந்துக்குள் நுழைந்தார்கள். வரிசையாக இனிப்புக் கடைகள். எல்லாக் கடையிலும் கேரட் அல்வா மலை. எல்லா மலையிலிருந்தும் ஆவி.

“இதுல எதுக்கா?”

சாந்தகுமாரி வாயைத் திறப்பதற்குள் ஜெயந்த் அலறினான்.

“ஆன்ட்டி! போர்டைப் பாருங்கோ!”

மூன்றாவது கடையின் பலகையில் இந்தியில் விலைப்பட்டியல். சமோசா. கச்சோரி. ஜிலேபி. அதற்குக் கீழே சிவப்புப் பெயின்ட்டில், பெரிதாக: கோக்கரம்.

“நான் சொன்னேனே! நிஜமான வார்த்தைதான்! எழுதியே இருக்கு!”

“தமிழ் வார்த்தைய இந்தியில எழுதியா தம்பி?”

கல்லாவில் உட்கார்ந்திருந்த வயதான லாலாஜி சந்தோஷமாக விளக்கினார். எத்தனையோ வருஷமாக ஒரு மதராஸி தம்பதி வருவார்கள். அந்தம்மா அல்வாத் தட்டைக் கையில் வாங்கியதும் புருஷனைப் பார்த்து ‘கோக்கரம்’ என்று சொல்லிச் சிரிப்பாள். வாரா வாரம் கேட்டுக் கேட்டு, கேரட் அல்வாவுக்கு மதராஸிப் பெயர் அதுதான் என்று அவர் புரிந்துகொண்டார். பெயரைப் பலகையில் போட்ட பிறகு வியாபாரம் இரண்டு மடங்கு. காலேஜ் பெண்கள் போட்டோ எடுத்துப் போகிறார்கள்.

“தம்பிக்கு ஆசுபத்திரி, ஆட்டோக்காரருக்கு சாராயக்கட, லாலாஜிக்கு அல்வா” என்றாள் பவுனு. “ஆளாளுக்கு ஒரு அர்த்தம். இவரு ஒருத்தருதான் அதுல சம்பாரிச்சிருக்காரு.”

“பாபுஜி உள்ளேதான் இருக்கார்” என்று லாலாஜி இந்தியில் தொடர்ந்தார். “ஆனால் இன்றைக்கு ஏதோ சரியில்லை. இரண்டு தட்டு வாங்கினார். இரண்டும் அப்படியே இருக்கிறது. மூன்று தடவை சூடு பண்ணிக் கொடுத்துவிட்டேன்.”

உள்ளே கடைசி மேஜையில் மங்கி குல்லாயோடு கோபாலன் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தட்டு, எதிரே காலி நாற்காலிக்கு முன்னால் ஒரு தட்டு.

“அப்பா!”

கோபாலன் நிமிர்ந்தார். பல்லில்லாத வாய் குழந்தை வாய் போலக் குழிந்திருந்தது. “நீ எப்படிடா இங்கே?”

“நாங்க துப்பறிஞ்சோம் சார்” என்றாள் பவுனு. “திங்கக்கெழம லீவு, பொட்டலம், பல்லு…”

“திங்கள்கிழமை லீவா?” கோபாலன் புருவத்தைச் சுருக்கினார்.

“‘திங்கள், கோக்கரம் கிடையாது’ன்னு எழுதியிருந்தீங்களே” என்றாள் சாந்தகுமாரி. “அதை வெச்சுத்தான் இந்த மார்க்கெட்டைப் பிடிச்சோம். கோக்கரம்னா இந்தக் கடைதானே?”

“கடையா? இல்லையே.”

“அல்வாவா?”

“சேச்சே. லாலாஜிதான் அப்படி நினைச்சுண்டிருக்கார். சொன்னா மனசு கஷ்டப்படும்னு விட்டுட்டோம்.” அவர் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் நேராக வைத்தார். “கோக்கரம்னா, நாங்க ரெண்டு பேர் மட்டும்னு அர்த்தம். லோதி தோட்டத்துல நடந்தா அதுவும் கோக்கரம்தான். மொட்டை மாடில நின்னா அதுவும். திங்கள்கிழமை அம்புஜத்துக்கு ஈவினிங் டியூட்டி. அதனால கிடையாது.”

சாந்தகுமாரி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். தப்பான துப்பைப் பிடித்துக்கொண்டு சரியான கடைக்கு வந்து சேர்ந்தது அக்காவுக்கு இதுதான் முதல் தடவை என்று பவுனுவுக்குத் தெரிந்தது. ஐந்து வீட்டில் யாரிடமும் இதைச் சொல்வதில்லை என்று அப்போதே முடிவு செய்தாள்.

“ஏன்ப்பா எங்கிட்ட சொல்லலை?” என்று கேட்டான் ஜெயந்த். “இத்தனை வருஷமா?”

“உங்கிட்ட சொல்லாம இருக்கறதுக்குத்தானேடா அந்த வார்த்தையே பண்ணினோம்.”

“இன்னிக்கு?”

“இன்னிக்கு…” கோபாலன் எதிர்த் தட்டைப் பார்த்தார். “பழக்க தோஷம், அம்புஜத்துக்குன்னு எழுதி வெச்சுட்டு வந்துட்டேன். இங்கே உட்கார்ந்தப்புறம்தான் புரிஞ்சது, தனியா இதுக்குப் போக முடியாதுன்னு. ரெண்டு பேர் வேணுமே. வாயில வைக்கவும் முடியலை, எழுந்து போகவும் முடியலை. அதான் உட்கார்ந்திருக்கேன்.”

சாந்தகுமாரி பவுனுவிடமிருந்து டிபன் பாக்ஸை வாங்கி மேஜையில் வைத்தாள். “மணி பன்னிரண்டரை. முதல்ல ஊசி. அப்புறம் மூணு ஸ்பூன். நாலாவது ஸ்பூன் போனா நான் பார்க்கலை.”

அவர் சட்டையைத் தூக்கி ஊசி போட்டுக்கொள்ளும்போது ஜெயந்தின் போன் அடித்தது. ஆபீஸிலிருந்து ஷ்ருதி. குரல் பக்கத்து மேஜை வரைக்கும் கேட்டது.

“அப்பா கிடைச்சாரா? எங்க இருக்கீங்க? அவர் எதுவும் சாப்பிடலையே? ஸ்வீட் கிட்டே விட்டுடாதே!”

ஜெயந்த் அப்பாவைப் பார்த்தான். ஆவி அடங்கிக்கொண்டிருந்த இரண்டு தட்டுகளைப் பார்த்தான். காலி நாற்காலியை இழுத்தான்.

“கிடைச்சுட்டார், நன்னா இருக்கார். இங்கே ஒரு சின்ன… லிண்டாரம் இருக்கு. முடிச்சுட்டு வந்துடறோம்.”

“லிண்டாரமா? அப்படின்னா?”

“தமிழ்தான்” என்றான் ஜெயந்த், உட்கார்ந்துகொண்டே. “உனக்கு அப்புறமா சொல்றேன்.”

கோபாலன் எதிர்த் தட்டை ஒரு விரலால் அவன் பக்கம் நகர்த்தினார்.

“ஆறிடப் போறது” என்றார். “சாப்பிடு.”